ஒரு கெர்னல், பல கணினிகள்

லினக்ஸ் ஓடும் ஒரே சர்வருக்குள் டெபியன், உபுண்டு, ஆல்பைன் எனப் பல இயங்குதளங்களை, ஒன்றின் காரியத்தில் இன்னொன்று தலையிடாதபடி ஓட வைக்கும் ஏற்பாட்டுக்கு சிஸ்டம் கன்டெய்னர் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புகள், தனி ஐ.பி. முகவரி, தனிப் பயனர் பட்டியல், தனி ரூட் அதிகாரம் உண்டு. உள்ளே நுழைந்து பார்ப்பவருக்கு அது முழுக் கணினியாகவே தெரியும். ஆனால் வன்பொருளோடு நேரடியாகப் பேசும் கெர்னல் என்ற கரு மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. இந்தக் கன்டெய்னர்களை உருவாக்கி, இயக்கி, நகலெடுத்து, இடம் மாற்றி, அழிக்க உதவும் முக்கியக் கருவிகள் அனைத்தும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள். எல்எக்ஸ்சி, இன்கஸ், எல்எக்ஸ்டி, சிஸ்டம்டி-என்ஸ்பான், ப்ராக்ஸ்மாக்ஸ் ஆகியவை அவற்றில் முதன்மையானவை. டாக்கரும் பாட்மேனும் அதே அடித்தளத்தில் வேறொரு நோக்கத்துக்காக எழுந்தவை.

இலேசாக இருப்பது எதனால்?

ஒரு சர்வரைப் பல கணினிகளாகப் பிரிக்க மெய்நிகர் கணினி என்ற வழியும் உண்டு. கேவிஎம், விஎம்வேர், ஹைப்பர்-வி போன்றவை செயலி, நினைவகம், வட்டு, நெட்வொர்க் அட்டை ஆகியவற்றை மென்பொருளாலேயே உருவாக்கிக் காட்டுகின்றன. அந்தக் கற்பனை வன்பொருளின் மேல் ஒரு முழு இயங்குதளம், தன் சொந்தக் கெர்னலுடன், முதலிலிருந்து பூட் ஆகிறது. பத்து மெய்நிகர் கணினிகள் ஓடினால் பத்துக் கெர்னல்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே நினைவகம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

கன்டெய்னரில் போலி வன்பொருளும் இல்லை, இரண்டாவது கெர்னலும் இல்லை. ஒண்டுக்குடித்தன வீட்டில் கிணறும் முற்றமும் பொதுவாக இருக்க, அடுப்பும் கதவும் குடித்தனத்துக்கு ஒன்றாக இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. கன்டெய்னருக்குள் ஓடும் நிரலை ஹோஸ்ட், அதாவது கன்டெய்னர்களைத் தாங்கும் அசல் கணினி, தன் மற்ற புராசஸ்களோடு சேர்த்தே பட்டியலிடும். கெர்னலைப் பொறுத்தவரை அது சாதாரணமாக ஓடும் இன்னொரு நிரல்தான். அதனால் பூட் ஆகக் காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு. உள்ளே உண்மையில் என்ன ஓடுகிறதோ அதற்கு மட்டுமே நினைவகம் செலவாகும். சில மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சர்வர் அதைப்போல் பல மடங்கு கன்டெய்னர்களைத் தாங்குவதற்கு இதுவே காரணம்.

இந்த இலேசுக்கு ஒரு விலையும் உண்டு. கெர்னல் பொதுவாக இருப்பதால் லினக்ஸ் ஹோஸ்டில் லினக்ஸ் கன்டெய்னர்கள் மட்டுமே ஓடும். விண்டோஸை அப்படி ஓட்ட முடியாது. சாதாரணக் கன்டெய்னர் தனக்கென்று வேறு கெர்னல் பதிப்பை வைத்துக்கொள்ளவோ, கெர்னலில் புதிய மாட்யூலை ஏற்றவோ இயலாது. கெர்னலில் ஓட்டை இருந்தால் அது எல்லாக் கன்டெய்னர்களுக்கும் பொதுவான ஓட்டை.

1979 முதல் 2008 வரை

புராசஸ்களைத் தனித்தனியாக அடைத்து வைக்கும் முயற்சி பழையது. 1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு உருவான காலத்தில் சிஹெச்ரூட் என்ற வசதி வந்தது. ஒரு நிரல் கோப்பு மரத்தின் வேராக எதைக் காண வேண்டும் என்பதை அதனால் மாற்ற முடிந்தது. கோப்புகள் மறைந்தனவே தவிர, மற்ற புராசஸ்களும் நெட்வொர்க்கும் மறையவில்லை. ரூட் அதிகாரம் பெற்ற நிரல் அந்த வேலியைத் தாண்டவும் வழி இருந்தது.

2000-ம் ஆண்டு மார்ச்சில் வெளியான ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 4.0 பதிப்பு, போல்-ஹென்னிங் கம்ப் எழுதிய ஜெயில் வசதியைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர்கள் பலருக்கு ஒரே சர்வரில் இடம் தந்து, அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் காக்க வேண்டிய ஹோஸ்டிங் தேவையிலிருந்து அது பிறந்தது. கோப்புகளோடு புராசஸ்களையும் நெட்வொர்க் முகவரியையும் அது சேர்த்துப் பிரித்தது. 2001-ல் லினக்ஸ்-விசர்வர், 2005-ல் சோலாரிஸ் 10-ன் ஜோன்ஸ், அதே ஆண்டில் ஓப்பன்விஇசட் என வெவ்வேறு குழுக்கள் இதே திசையில் நடந்தன. லினக்ஸுக்கான விசர்வருக்கும் ஓப்பன்விஇசட்டுக்கும் ஒரு பொதுக் குறை இருந்தது. இரண்டும் மாற்றியமைத்த கெர்னலைக் கேட்டன. கெர்னலின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்த மாற்றங்களையும் மறுபடி பொருத்த வேண்டியிருந்தது.

தேவையான வசதிகள் அதிகாரபூர்வக் கெர்னலுக்குள்ளேயே ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகுதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது. 2006-ல் கூகுளின் பொறியாளர்கள் பால் மெனாஜும் ரோஹித் சேத்தும் புராசஸ் குழுக்களுக்கு வள வரம்பு விதிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24-ல் அது சிகுரூப் என்ற பெயரில் இடம்பெற்றது. நேம்ஸ்பேஸ் என்ற பிரிக்கும் வசதிகள் 2002 முதலே சிறிதுசிறிதாக வந்துகொண்டிருந்தன.

கெர்னல் தரும் உதிரிப் பாகங்கள்

லினக்ஸ் கெர்னலுக்குள் கன்டெய்னர் என்று ஒரு பொருள் கிடையாது. கெர்னல் தருவது உதிரிப் பாகங்களை மட்டுமே. அவற்றைச் சரியான வரிசையில் பூட்டிக் கன்டெய்னராக நிறுத்துவது கருவிகளின் வேலை. அதனால்தான் ஒரே கெர்னலின் மேல் இத்தனை விதமான கருவிகள் இருக்க முடிகிறது. அவை ஒன்றுக்கொன்று மாறுபடுவதும் அதே பாகங்களை எப்படிப் பூட்டுகின்றன என்பதில்தான்.

முதல் பாகம் நேம்ஸ்பேஸ். ஒரு புராசஸ் எதைப் பார்க்க முடியும் என்பதை இது தீர்மானிக்கிறது. மவுன்ட் நேம்ஸ்பேஸ் கோப்பு மரத்தைப் பிரிக்கிறது. பிஐடி நேம்ஸ்பேஸ் புராசஸ் எண்களைப் பிரிக்கிறது. ஹோஸ்டில் 48210 என்ற எண்ணுள்ள புராசஸ், கன்டெய்னருக்குள் தன்னை 1 என்றே எண்ணிக்கொள்ளலாம். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் தனி நெட்வொர்க் அட்டைகளையும் முகவரிகளையும் ஃபயர்வால் விதிகளையும் தருகிறது. யூடிஎஸ் நேம்ஸ்பேஸ் கணினியின் பெயரையும், ஐபிசி நேம்ஸ்பேஸ் புராசஸ்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழிகளையும் பிரிக்கின்றன. 2013 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.8-ல் முழுமை பெற்ற யூசர் நேம்ஸ்பேஸ் பயனர் எண்களையே பிரிக்கிறது. பாதுகாப்பின் கதை பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான் இருக்கிறது.

இரண்டாவது பாகம் சிகுரூப். பார்வையை நேம்ஸ்பேஸ் கட்டுப்படுத்துகிறது என்றால் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது சிகுரூப். ஒரு குழுவுக்கு 512 மெகாபைட் நினைவகம், இரண்டு செயலிக் கருக்கள், இத்தனை புராசஸ்கள் என்று வரம்பு போடலாம். வரம்புக்கு மேல் நினைவகம் கேட்டால் அந்தக் குழுவில் உள்ள நிரல்தான் நிறுத்தப்படும், அண்டைக் கன்டெய்னர்கள் பாதிக்கப்படாது. 2016-ல் லினக்ஸ் 4.5-உடன் இதன் இரண்டாம் பதிப்பு நிலைபெற்றது. இன்றைய முதன்மை லினக்ஸ் வினியோகங்கள் அதையே பயன்படுத்துகின்றன.

மூன்றாவதாக அதிகாரத்தைக் குறைக்கும் பாகங்கள் இருக்கின்றன. ரூட் என்ற ஒற்றை அதிகாரத்தைப் பல துண்டுகளாக்கி, தேவையானவற்றை மட்டும் தரும் கேப்பபிலிட்டி. கெர்னலிடம் ஒரு நிரல் எந்தெந்தக் கோரிக்கைகளை வைக்கலாம் என்று வடிகட்டும் செக்கொம்ப். கோப்புகளையும் வளங்களையும் தொடுவதற்கு விதி வகுக்கும் ஆப்ஆர்மர், எஸ்ஈலினக்ஸ் ஆகியவை அவை.

எல்எக்ஸ்சி: முதல் பூட்டல்

இந்தப் பாகங்களை, கெர்னலில் எந்த மாற்றமும் செய்யாமல், ஒன்றாகப் பூட்டிய முதல் முழுமையான கருவித் தொகுப்பு எல்எக்ஸ்சி. ஐபிஎம் பொறியாளர்களான டேனியல் லெஸ்கானோ, செர்ஜ் ஹாலின் முதலியோரின் பங்களிப்பில் 2008-ல் வெளிவந்தது. 2014 பிப்ரவரியில் 1.0 பதிப்பு வந்தபோது, ரூட் அதிகாரம் இல்லாத சாதாரணப் பயனரும் கன்டெய்னர் தொடங்கும் வசதி அதில் இருந்தது.

எல்எக்ஸ்சி என்பது சி மொழியில் எழுதிய ஒரு நூலகமும் சில கட்டளைகளும்தான். பின்னணியில் நிரந்தரமாக ஓடும் மேலாளர் நிரல் எதுவும் இதில் இல்லை. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு கோப்பகம். அதில் ஓர் அமைப்புக் கோப்பும் கன்டெய்னரின் முழுக் கோப்பு மரமும் இருக்கும். அமைப்புக் கோப்பைத் திறந்தால் எந்த நேம்ஸ்பேஸ், எந்த நெட்வொர்க், எவ்வளவு நினைவகம் என்று வரிவரியாகப் படிக்கலாம். கன்டெய்னர் எப்படி இயங்குகிறது என்று கற்க விரும்புவோருக்கு இந்த வெளிப்படைத்தன்மை பெரிய உதவி. ஆனால் ஐம்பது சர்வர்களில் ஐந்நூறு கன்டெய்னர்களை நிர்வகிக்க வேண்டியவருக்கு இது போதாது. எல்லாவற்றையும் அவரே கையால் ஒருங்கிணைக்க வேண்டியிருக்கும்.

இதே திட்டத்தின் துணைக் கருவி எல்எக்ஸ்சிஎஃப்எஸ். கன்டெய்னருக்கு 512 மெகாபைட் வரம்பு போட்டிருந்தாலும், உள்ளே நினைவகம் எவ்வளவு என்று கேட்டால் கெர்னல் ஹோஸ்டின் மொத்த அளவையே சொல்லும். அதை நம்பி நினைவகத்தை அள்ளும் நிரல், வரம்பைத் தாண்டிச் சாகும். எல்எக்ஸ்சிஎஃப்எஸ் இடையில் புகுந்து கன்டெய்னரின் உண்மையான வரம்பைக் காட்டுகிறது.

டாக்கர் பிரித்த பாதை

2013 மார்ச்சில் அமெரிக்காவின் சான்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில், டாட்கிளவுட் நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ் ஐந்தே நிமிடப் பேச்சில் டாக்கரை அறிமுகம் செய்தார். தொடக்கத்தில் டாக்கர் உள்ளே எல்எக்ஸ்சியைத்தான் பயன்படுத்தியது. 2014 மார்ச்சில் வந்த 0.9 பதிப்பில், கோ மொழியில் தானே எழுதிய நூலகத்துக்கு மாறியது.

டாக்கரின் நோக்கம் வேறு. அது கன்டெய்னரை ஒரு கணினியாக நினைக்கவில்லை, ஒரு நிரலின் பொதியாக நினைத்தது. ஒரு வலைச் சேவை, அதற்குத் தேவையான நூலகங்கள், அமைப்புகள் ஆகிய மூன்றையும் அடுக்கடுக்கான இமேஜாகக் கட்டி, எங்கும் அதே வடிவில் ஓட்டலாம். உள்ளே பொதுவாக ஒரே ஒரு நிரல்தான் ஓடும். புதிய பதிப்பு வந்தால் பழைய கன்டெய்னரைத் திருத்த மாட்டார்கள், அழித்துவிட்டுப் புதியதை நிறுத்துவார்கள். இதை அப்ளிகேஷன் கன்டெய்னர் என்பார்கள்.

சிஸ்டம் கன்டெய்னரில் முழு இயங்குதளமே எழுந்து நிற்கும். மற்றச் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி தொடங்கும், லாகின் சேவையும் நேரம் குறித்த வேலைகளும் பதிவேடுகளும் ஓடும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அது வாழும். அதன் நிரல்களை வழக்கமான கணினியில் போலவே உள்ளே நுழைந்து புதுப்பிப்பார்கள். தரவுதளம், மின்னஞ்சல் சர்வர், பழைய மென்பொருள் தொகுப்பு, மாணவர்களுக்கான பயிற்சிக் கணினி போன்றவற்றுக்கு இதுவே பொருத்தம்.

அப்ளிகேஷன் கன்டெய்னர்களின் உலகம் 2015 ஜூனில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் ஓசிஐ என்ற பொது நிர்ணய அமைப்பை உருவாக்கிக்கொண்டது. டாக்கர் தன் இயக்க நிரலை ரன்சி என்ற பெயரில் அதற்குக் கொடுத்தது. இமேஜின் வடிவமும் அதை இயக்கும் முறையும் பொது நிர்ணயமானதால், ஒரு கருவியில் கட்டியதை இன்னொன்றில் ஓட்ட முடிந்தது. ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களைப் பல சர்வர்களில் பரப்பி இயக்கும் குபர்நெட்டிஸ், 2014-ல் கூகுள் அறிவித்த திட்டம். 2022-ல் வந்த அதன் 1.24 பதிப்பு டாக்கருக்கான தனி இணைப்பை நீக்கியது. அப்போதும் டாக்கரில் கட்டிய இமேஜ்கள் தடையின்றி ஓடியதற்குப் பொது நிர்ணயமே காரணம்.

எல்எக்ஸ்டியும் இன்கஸும் வேலை செய்யும் விதம்

உபுண்டுவை வெளியிடும் கனானிகல் நிறுவனம் 2014 நவம்பரில் எல்எக்ஸ்டியை அறிவித்தது. எல்எக்ஸ்சி நூலகத்தின் மேல் ஒரு மேலாண்மை அடுக்கைக் கட்டுவது அதன் நோக்கம். 2016 ஏப்ரலில் உபுண்டு 16.04-உடன் வந்த 2.0 பதிப்பு, பல ஆண்டு ஆதரவு கொண்ட முதல் பதிப்பு. இன்று அதே வடிவமைப்பு இன்கஸ் என்ற பெயரிலும் தொடர்கிறது. இரண்டின் அடிப்படை ஒன்றே என்பதால் ஒன்றை அறிந்தவருக்கு மற்றது அந்நியமாக இராது.

மையத்தில் பின்னணிச் சேவை நிரல் ஒன்று ஓடுகிறது. பயனர் தட்டும் கட்டளை நேரடியாகக் கெர்னலிடம் போகாது. அது ரெஸ்ட் ஏபிஐ என்ற இடைமுகம் வழியாக இந்தச் சேவையிடம் கோரிக்கையாகப் போகும். அதே கோரிக்கையை உலாவியில் ஓடும் மேலாண்மைப் பக்கமோ, தானியங்கி நிரலோ அனுப்பலாம். அனுமதி தந்தால் 8443 என்ற போர்ட் வழியாக வேறு ஊரிலிருந்தும் அனுப்பலாம். தொலைவிலிருந்து வருபவரைச் சேவை டிஎல்எஸ் சான்றிதழால் அடையாளம் காண்கிறது.

ஒரு கன்டெய்னரைத் தொடங்க ஒரே வரிக் கட்டளை போதும். எந்த இமேஜ், என்ன பெயர் என்பதைச் சொன்னால் சேவை நிரல் இமேஜ் சர்வரிலிருந்து டெபியனையோ ஆல்பைனையோ இறக்கும். இமேஜைச் சேமிப்புக் களத்தில் விரித்து, நெட்வொர்க்கில் இணைத்து, எல்எக்ஸ்சியின் வழியாகத் தொடங்கும். ஒருமுறை இறக்கிய இமேஜ் கணினியிலேயே இருப்பதால் அடுத்த கன்டெய்னர் சில நொடிகளில் எழுந்துவிடும். நினைவக வரம்பு, செயலிக் கருக்கள், நெட்வொர்க் அட்டை முதலியவற்றை ஒவ்வொன்றுக்கும் எழுதத் தேவையில்லை. அவற்றை புரொஃபைல் என்ற தொகுப்பாக ஒருமுறை எழுதி, வேண்டிய கன்டெய்னர்களுக்கெல்லாம் பொருத்தலாம். புரொஃபைலைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லாவற்றிலும் மாற்றம் போய்ச் சேரும்.

சேமிப்பகத்தில்தான் இந்தக் கருவிகளின் வசதி நன்றாகத் தெரியும். சாதாரணக் கோப்பகத்தைக்கூடக் களமாக வைக்கலாம். ஆனால் இசட்எஃப்எஸ், பிட்ஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் நகலெடுக்கும்போது தரவை உடனே இரட்டிப்பதில்லை. மாறும் பகுதிகளுக்கு மட்டுமே புதிய இடம் எடுக்கின்றன. எனவே 20 கிகாபைட் கன்டெய்னருக்கும் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு, கணப்பொழுதில் முடியும். ஆபத்தான மேம்படுத்தலுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்து, கோளாறு வந்தால் பழைய நிலைக்குத் திரும்புவது நிர்வாகிகளின் அன்றாட வழக்கம். ஆனால் ஸ்னாப்ஷாட் காப்புநகல் ஆகாது. இரண்டும் ஒரே வட்டில் இருப்பதால் வட்டு பழுதானால் இரண்டும் போகும். அதற்காகக் கன்டெய்னரை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யும் கட்டளை தனியாக இருக்கிறது.

நெட்வொர்க்குக்காக ஹோஸ்டில் ஒரு மெய்நிகர் பிரிட்ஜ் உருவாகிறது. கன்டெய்னர்களுக்கு முகவரி வழங்குவதும் பெயரை முகவரியாக மாற்றித் தருவதும் அங்கேயே நடக்கும். வெளியுலகம் உள்ளே இருக்கும் வலைச் சேவையை அடைய வேண்டுமென்றால், ஹோஸ்டின் போர்ட் ஒன்றைக் கன்டெய்னரின் போர்ட்டோடு இணைக்கும் பிராக்ஸி சாதனத்தைச் சேர்க்கலாம்.

பல சர்வர்களை ஒரே கிளஸ்டராகவும் கட்டலாம். அப்போது எந்தக் கன்டெய்னர் எந்தச் சர்வரில் இருக்கிறது என்ற தகவலைப் பகிர்ந்த தரவுதளம் காக்கிறது. பெரும்பான்மை உறுப்பினர்கள் உயிரோடு இருந்தால்தான் அது முடிவெடுக்க முடியும். அதனால் ஒரு சர்வர் விழுந்தாலும் வேலை நடக்க வேண்டுமென்றால் குறைந்தது மூன்று சர்வர்கள் வேண்டும். எல்எக்ஸ்டியில் 2020 முதல், க்யூஈஎம்யூ என்ற மெய்நிகராக்க மென்பொருளின் உதவியோடு மெய்நிகர் கணினிகளையும் இதே கட்டளைகளால் இயக்க முடிகிறது. விண்டோஸோ தனிக் கெர்னலோ தேவைப்படும் இடத்தில் மெய்நிகர் கணினி, மற்ற இடங்களில் கன்டெய்னர் என இரண்டையும் ஒரே மேலாளரிடம் விடலாம்.

2023-ல் நடந்த பிரிவு

எல்எக்ஸ்டி தொடக்கம் முதல் லினக்ஸ்கன்டெய்னர்ஸ் என்ற சமூகத் திட்டத்தின் குடையின் கீழ் வளர்ந்தது. 2023 ஜூலையில் கனானிகல் அதை அங்கிருந்து விலக்கித் தன் நேரடி நிர்வாகத்துக்குக் கொண்டுபோனது. எல்எக்ஸ்டியை நீண்டகாலம் வழிநடத்திய ஸ்டெஃபான் கிராபர் அதே மாதத்தில் கனானிகலிலிருந்து விலகினார். எல்எக்ஸ்டி அப்போது அபாச்சி 2.0 உரிமத்தில் இருந்ததால் யாரும் அதன் மூல நிரலை எடுத்துத் தனியாகத் தொடரலாம். ஓப்பன்சூசே சமூகத்தைச் சேர்ந்த அலெக்ஸா சராய் அதைச் செய்து இன்கஸ் என்று பெயரிட்டார். ஆகஸ்டில் லினக்ஸ்கன்டெய்னர்ஸ் திட்டம் அதைத் தன்னுடையதாக ஏற்றது. கிராபர், செர்ஜ் ஹாலின், கிறிஸ்டியன் பிரவுனர், டைக்கோ ஆண்டர்சன் என எல்எக்ஸ்டியை உருவாக்கியவர்கள் பலர் இன்கஸின் பொறுப்பாளர்களாக வந்து சேர்ந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் கனானிகல் எல்எக்ஸ்டியின் உரிமத்தை, எடுத்தாள்வோரும் அதே உரிமத்தில் வெளியிடக் கோரும் ஏஜிபிஎல் 3-க்கு மாற்றியது. அபாச்சி உரிமத்தில் தொடரும் இன்கஸ், அதன் பிறகு எல்எக்ஸ்டியில் எழுதப்பட்ட நிரலை எடுத்துக்கொள்ள முடியாமல் போனது. இன்கஸின் நிரலை எல்எக்ஸ்டி எடுத்துக்கொள்ளலாம் என்பதால் வழி ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. 2024-ல் சமூகத்தின் இமேஜ் சர்வர் எல்எக்ஸ்டி பயனர்களுக்குப் படிப்படியாக மூடப்பட்டது. கனானிகல் தன் சொந்த இமேஜ் சர்வரை அமைத்துக்கொண்டது. 2024 ஏப்ரலில் வந்த இன்கஸ் 6.0, 2029 ஜூன் வரை ஆதரவு பெறும் முதல் நீண்டகாலப் பதிப்பு. எல்எக்ஸ்டியில் இருக்கும் கன்டெய்னர்களை அப்படியே இன்கஸுக்கு மாற்றும் கருவியும் உண்டு. பின்னர் வந்த இன்கஸ் 6.3, டாக்கர் பாணி ஓசிஐ இமேஜ்களையும் இயக்கத் தொடங்கியது.

ஓப்பன் சோர்ஸ் உரிமம் நடைமுறையில் என்ன தருகிறது என்பதற்கு இந்தப் பிரிவு தெளிவான சான்று. நிர்வாகம் கைமாறியபோது பயனர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன, இரண்டிலும் அவர்களுடைய கன்டெய்னர்கள் தொடர்ந்து ஓடின. எந்த உரிமம் என்பதும் பொருட்படுத்த வேண்டிய விஷயம் என்பதையும் அது காட்டியது.

மற்றக் கருவிகள்

சிஸ்டம்டி-என்ஸ்பான், சிஸ்டம்டியைச் சோதிக்க அதன் உருவாக்குநர்களே எழுதிக்கொண்ட சிறு கருவி. பெரும்பாலான லினக்ஸ் வினியோகங்கள் அதைத் தம் களஞ்சியத்திலேயே வைத்திருக்கின்றன. ஒரு கோப்பகத்தில் டெபியனின் கோப்பு மரத்தை இறக்கி, அதைச் சுட்டிக்காட்டினால் அந்தக் கோப்பகமே கன்டெய்னராக பூட் ஆகும். மென்பொருளைக் கட்டிச் சோதிக்கவும், பூட் ஆகாத வட்டைப் பழுதுபார்க்கவும் இது கைக்கு அடக்கமானது.

ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்து வரும் ப்ராக்ஸ்மாக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்ட முழு மேலாண்மைத் தளம். மெய்நிகர் கணினிகளையும் கன்டெய்னர்களையும் உலாவியிலேயே நிர்வகிக்கலாம். 2015-ல் வந்த 4.0 பதிப்பில் ஓப்பன்விஇசட்டைக் கைவிட்டு எல்எக்ஸ்சிக்கு மாறியது. கட்டளைகளைவிட வரைகலை இடைமுகத்தை விரும்பும் சிறு நிறுவனங்களிலும், வீட்டில் பழைய கணினியைச் சர்வராக்குபவர்களிடமும் இது பரவலாக இருக்கிறது.

ரெட் ஹாட் உருவாக்கிய பாட்மேனின் 1.0 பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. அது டாக்கரின் கட்டளைகளையே பெரும்பாலும் ஏற்கிறது, ஆனால் பின்னணிச் சேவை நிரல் இல்லாமல், சாதாரணப் பயனரின் அதிகாரத்திலேயே ஓடுகிறது. டாக்கரின் எஞ்சின் இன்றும் ஓப்பன் சோர்ஸ்தான். டாக்கர் டெஸ்க்டாப் என்ற தொகுப்புக்கு மட்டும், 250 ஊழியர்களோ ஒரு கோடி டாலர் ஆண்டு வருவாயோ தாண்டிய நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்று 2021-ல் அறிவித்தார்கள். பாட்மேனுக்குப் பலர் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். மீக்கணினி மையங்களில் ஆப்டெய்னர் பழக்கம். லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் சிங்குலாரிட்டி என்ற பெயரில் பிறந்த இது, முழு இமேஜையும் ஒரே கோப்பாக வைத்து, ஆராய்ச்சியாளருக்கு எந்தக் கூடுதல் அதிகாரமும் தராமல் இயக்குகிறது.

இந்தக் கருவிகள் பயனர் அறியாத இடங்களிலும் இருக்கின்றன. குரோம்புக் கணினிகளில் லினக்ஸ் நிரல்களை இயக்கும் வசதி 2018-ல் வந்தபோது, ஒரு சிறு மெய்நிகர் கணினிக்குள் எல்எக்ஸ்டி கன்டெய்னர்தான் அதைத் தாங்கியது. லினக்ஸ் கணினியில் ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டும் வேட்ராய்டு, எல்எக்ஸ்சியைப் பயன்படுத்துகிறது.

பாதுகாப்பு

கன்டெய்னரின் உள்ளே இருக்கும் ரூட், ஹோஸ்டின் ரூட்டாகவும் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. யூசர் நேம்ஸ்பேஸ் இல்லாத பழைய முறையில் இரண்டும் ஒன்றே, இரண்டுக்கும் பயனர் எண் 0. வேலியில் சிறு ஓட்டை கிடைத்தாலும் உள்ளிருப்பவர் வெளியே வந்து முழுச் சர்வரையும் ஆளலாம். அன்பிரிவிலெஜ்டு எனப்படும் முறையில் எண்கள் மாற்றி வைக்கப்படுகின்றன. எல்எக்ஸ்சியில் வழக்கமாக, உள்ளே 0 என்ற பயனர் ஹோஸ்டின் பார்வையில் 100000. உள்ளே 65,536 எண்கள் வரிசையாக இப்படியே பெயர்க்கப்படும். தப்பி வெளியே வந்தாலும் அவர் எந்த அதிகாரமும் இல்லாத அநாமதேயப் பயனராகவே வருவார். எல்எக்ஸ்டியும் இன்கஸும் எதுவும் சொல்லாவிட்டால் இந்த முறையில்தான் கன்டெய்னரைத் தொடங்கும்.

இதன் பயன் 2019 பிப்ரவரியில் தெரிந்தது. தீய நோக்கமுள்ள கன்டெய்னர் ஹோஸ்டிலிருக்கும் ரன்சி நிரலையே திருத்தி எழுதி, ரூட் அதிகாரம் பெறக்கூடிய குறை அப்போது வெளியானது. எல்எக்ஸ்சியிலும் பழைய முறைக் கன்டெய்னர்களை அது தொட்டது. எண் பெயர்த்த கன்டெய்னர்களில் உள்ளிருப்பவருக்கு ஹோஸ்டின் கோப்பில் எழுத உரிமை இல்லாததால் அவை தப்பின. 2024 ஜனவரியிலும் ரன்சியில் கன்டெய்னரைத் தாண்ட உதவும் இன்னொரு குறை கண்டுபிடிக்கப்பட்டு 1.1.12 பதிப்பில் சரிசெய்யப்பட்டது.

கெர்னலிலேயே குறை இருந்தால் எண் பெயர்ப்பும் எப்போதும் காக்காது. 2016-ல் வெளிப்பட்ட டர்ட்டி கௌ அப்படிப்பட்ட கெர்னல் குறை. ஆகவே ஹோஸ்டின் கெர்னலை உடனுக்குடன் புதுப்பிப்பது கட்டாயம். முன்பின் தெரியாதவர்களின் நிரல்களை ஓட்டுவோர், ஒவ்வொரு கன்டெய்னரையும் சிறு மெய்நிகர் கணினிக்குள் வைக்கும் காட்டா கன்டெய்னர்ஸ் போன்ற கருவிகளை நாடுகிறார்கள்.

அடிக்கடி கவனிக்காமல் விடும் இன்னொரு வாசலும் உண்டு. டாக்கர் குழுவிலோ இன்கஸின் நிர்வாகிக் குழுவிலோ ஒருவரைச் சேர்ப்பது அவருக்கு ஹோஸ்டின் ரூட் அதிகாரத்தைத் தருவதற்குச் சமம். ஹோஸ்டின் முழு வட்டையும் உள்ளே இணைத்த கன்டெய்னர் ஒன்றை அவர் தொடங்கிவிடலாம். பொதுக் கணினிகளில் இன்கஸ் இதற்கென்று அதிகாரம் குறைந்த தனிக் குழுவை வைத்திருக்கிறது. அதன் உறுப்பினர் புராஜெக்ட் எனப்படும் தன் தனிப் பிரிவுக்குள் மட்டுமே நடமாட முடியும்.

எந்த வேலைக்கு எது

ஒரு நிரலைக் கட்டி, பல இடங்களுக்கு அனுப்பி, அடிக்கடி புதுப்பிப்பது நோக்கமென்றால் டாக்கர் அல்லது பாட்மேன் பொருந்தும். அந்த நிரல் பல சர்வர்களில் பெருகும்போது குபர்நெட்டிஸ் தேவைப்படும். ஒரு சர்வரைப் பல நீண்டகாலக் கணினிகளாகப் பிரிக்க வேண்டுமென்றால் இன்கஸோ எல்எக்ஸ்டியோ ஏற்றது. உலாவியிலேயே எல்லாம் நடக்க வேண்டுமென்றால் ப்ராக்ஸ்மாக்ஸ். சிறு சோதனைக்கு சிஸ்டம்டி-என்ஸ்பான் போதும். உள்ளே நடப்பதைக் கற்கவோ, தன் சொந்தக் கருவியைக் கட்டவோ விரும்புவோர் எல்எக்ஸ்சியிலிருந்து தொடங்கலாம். இரண்டு வகைகளையும் சேர்த்தும் பயன்படுத்தலாம். இன்கஸ் கன்டெய்னருக்குள் டாக்கரை நிறுவ அனுமதிக்கும் நெஸ்டிங் அமைப்பு இருக்கிறது.

தேர்வு தவறினாலும் இழப்பு பெரிதல்ல. எந்தக் கருவி இயக்கினாலும் சிஸ்டம் கன்டெய்னர் என்பது கடைசியில் ஒரு லினக்ஸின் சாதாரணக் கோப்பு மரமும், அதைச் சுற்றிக் கெர்னல் போடும் வேலியும்தான். வேலியின் விதிகளைப் புதிய கருவியின் மொழியில் மறுபடி எழுத வேண்டியிருக்கும். கோப்பு மரத்தைச் சுருக்கி எடுத்துக்கொண்டு போய், அநேகமாக அப்படியே அங்கே நிறுத்திவிடலாம்.